குமாரமங்கலம் வீட்டுப் பிள்ளைகள்

திருச்செங்கோடு

அன்புள்ள அம்மணிக்கு,

மாமன் எழுதுவது. டெரிடோரியல் ஆர்மியில் அதிகாரியாகச் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்தேன். படித்து முடிப்பதற்குள் அக்காவின் போன். "கம்பெனி வக்கீல்னு ஊரே மதிக்குது, கை நிறையச் சம்பளம், இவளுக்கு எதுக்குத் தம்பி துப்பாக்கி? வக்கீலுன்னா வக்கீலா இருக்கட்டும், பட்டாளம்னா பட்டாளத்துக்குப் போகட்டும், ரெண்டு குதிரையில சவாரி எதுக்கு?" என்று ஒரே அழுகை. நான் உடனே பதில் சொல்லவில்லை. வக்காலத்தும் வாய்தாவுமாகக் கோர்ட்டுக் குமாஸ்தா வேலையில் தலை நரைத்தவன் நான், கட்டை முழுக்கப் படிக்காமல் பேசுகிற பழக்கம் கிடையாது. இப்போது சொல்கிறேன். நீ எடுத்த முடிவு சரியானது. ஏன் என்று சொல்ல, நம்மூருக்குப் பக்கத்து குமாரமங்கலத்தைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது அந்த ஊர்ப் பலகையைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். அந்த ஜமீன் வீட்டுப் பிள்ளை டாக்டர் சுப்பராயன். 1889இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர். பின்னால் 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும் அவர் கையில் இருந்தன. அவர் மனைவி ராதாபாய் மங்களூர்க்காரர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியதற்காக ஊர் ஒதுக்கி வைத்தும் அசையாத குத்முல் ரங்கராவின் மகள். 1930இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போன பெண்கள் இருவரில் அவர் ஒருவர். அக்கா கேட்டால் இதை முதலில் சொல். சபையில் எழுந்து நின்று பேசிய அம்மா வளர்த்த பிள்ளைகள் அவர்கள்.

மூத்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1913இல் பிறந்தவர். தம்பிகளில் ஒருவர் மோகன், 1916. தங்கை பார்வதி, பின்னாளில் கோயம்புத்தூரின் எம்.பி., தொழிற்சங்கத் தலைவர். அண்ணன் தம்பி இருவரும் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்தார்கள். அந்தச் செலவு நம் பக்கத்துக் குடியானவர்கள் கட்டிய வரியிலிருந்து போனது என்பதை நான் மறைக்கமாட்டேன். நீ படித்த பணம் உன் தாத்தாவின் கடலைக்காட்டிலிருந்து வந்தது. ஆனால் வாங்கியதை அவர்கள் எப்படித் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதில் உனக்கும் எனக்கும் விஷயம் இருக்கிறது.

மூத்தவர் பீரங்கிப்படை அதிகாரி ஆனார். 1942இல் லிபியப் பாலைவனத்தில், பீர் ஹக்கீம் பக்கம், ஜெர்மன் தளபதி ரோம்மலின் டாங்கிகளுக்கு எதிரே நின்று போரிட்டதற்கு டி.எஸ்.ஓ. விருது பெற்றார். அங்கேயே பிடிபட்டு இத்தாலியில் போர்க்கைதியாக இருந்தார். முகாமிலிருந்து தப்பினார், மறுபடி மாட்டினார், ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். அவரோடு தப்பியவர்களில் ஒருவர் சாகிப்சாதா யாகூப் கான். அவர்தான் பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர். ஒரே மலைச்சரிவில் ஒன்றாக ஒளிந்து திரிந்த இருவரை ஒரு கோடு கிழித்து இரண்டு நாட்டுக்காரர் ஆக்கிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அண்ணன் பிரிட்டிஷ் சீருடையில் சண்டைக்குப் போன அதே காலத்தில் தம்பியை அதே பிரிட்டிஷ் அரசு சென்னைச் சதி வழக்கில் சிறையில் போட்டது. மோகன் அப்போது கம்யூனிஸ்ட். கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற விவாத மன்றத்தின் தலைவராக இருந்தவர், பாரிஸ்டர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இப்படிப் பிரிந்தும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் கடைசியில் ஒரே குடியரசுக்கு வேலை செய்தார்கள். 1966ஆம் வருஷத்தைப் பார். அண்ணன் ஜூன் 8ஆம் தேதி இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆகிறார். அதே வருஷம் தம்பி இங்கே சென்னையில் அரசின் அட்வகேட் ஜெனரல்.

ஜெனரல் பதவியில் இருந்த 1967 செப்டம்பரில்தான் நாதுலாவில் சீனப் படையோடு மோதல், அடுத்த மாதம் சோ லாவில். 1962 போரில் துவண்ட படை அங்கே நிமிர்ந்து நின்றது. என் மனதில் அவரை உயர்த்தி வைப்பது அந்த வெற்றி மட்டுமில்லை. மூன்று வருஷம் முடிந்ததும் 1969 ஜூனில் பொறுப்பை மானெக்‌ஷாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அக்கம்பக்கத்து நாடுகளில் அதே பிரிட்டிஷ் பயிற்சி பெற்ற தளபதிகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட காலம் அது. லட்சக்கணக்கான துப்பாக்கிகள் தன் சொல்லுக்குக் காத்திருக்க, சட்டத்துக்குக் கீழே நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பார்.

தம்பியின் கதை உன் தொழிலுக்கு இன்னும் நெருக்கம். 1971இல் பாண்டிச்சேரியில் ஜெயித்து மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சர் ஆனார். கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்கள் 1972 மே 1ஆம் தேதியும் மற்றவை அடுத்த மே 1ஆம் தேதியும் நாட்டுடைமை ஆயின. எஃகு ஆலைகளை எல்லாம் ஒரே தாய்க் கம்பெனியின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று நின்று 1973 ஜனவரியில் 'செயில்' நிறுவனத்தை உருவாக்கினார். நீ தினமும் கட்டுகிற ஹோல்டிங் கம்பெனி, பங்கு, போர்டு எல்லாம் இதே சாமான்கள்தான் அம்மணி. அவர் அதை நாட்டுக்காகக் கட்டினார். கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலையும் பிறகு அந்தக் குடைக்குள் வந்தது. நம் சட்டைப்பையில் கிடந்த காசுகளில் எத்தனைக்கு அங்கே வில்லை வெட்டினார்களோ.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் மோகனுக்கு எதிர்க்கட்சி. 1973 ஏப்ரல் 24 அன்று, அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. மறுநாளே மூத்த நீதிபதிகள் ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். மூன்று பேரும் ராஜினாமா செய்தார்கள். அதைப் பாராளுமன்றத்தில் நியாயப்படுத்திப் பேசியவர் மோகன்தான். மூளையில் அவருக்கு நிகர் சொல்ல ஆள் குறைவு. நேர்மையில் குறை சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட வக்கீலே, தான் நம்பிய நன்மைக்காக நீதிமன்றத்தை வளைக்கலாம் என்று நினைத்தார். ஆயுதம் வைத்திருந்த அண்ணன் கோட்டைத் தாண்டவில்லை, சட்டம் வைத்திருந்த தம்பி தாண்டினார். பேசி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 31 அன்று சென்னையிலிருந்து போன விமானம் டெல்லிக்குப் பக்கத்தில் விழுந்தது. அதில் அவர் இருந்தார். இன்று சேலத்து மருத்துவக் கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது. என் மனவருத்தம் அந்த மரியாதையைக் குறைப்பதில்லை.

அதனால்தான் நீ இரண்டுக்கும் போகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷம். ஒப்பந்தத்தில் ஒரு கால்புள்ளிக்குச் சண்டை போடுகிற கண் படையில் வேண்டும். எங்கே நிற்க வேண்டும் என்று கட்டளைக்குப் பழகிய உடம்பு உங்கள் கண்ணாடி ஆபீசுகளிலும் வேண்டும்.

அக்காவுக்குச் சொல்ல இன்னொன்று. 1949 அக்டோபர் 9 அன்று இந்த டெரிடோரியல் ஆர்மியைத் தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர், 1917இல் சேலம் நகரசபைத் தலைவர். அக்ரகாரத்துத் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் வேலையை ஒடுக்கப்பட்ட சாதி ஊழியருக்குக் கொடுத்து, தெருவே எதிர்த்தபோதும் பின்வாங்காதவர். சொந்தத் தொழிலை விடாமல் வருஷத்தில் சில வாரம் சீருடை போடுகிற படை இது. வேறு வேலை இருக்கிறவர்களைத்தான் அதிகாரியாக எடுக்கிறார்கள். 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே உன்னைப் போன்ற பெண்களுக்கு இதன் கதவு திறந்தது. எந்த வக்கீலோ வாதாடித் திறந்த கதவு, மறந்துவிடாதே.

காரியத்துக்கு வருகிறேன். 1948ஆம் வருஷத்து டெரிடோரியல் ஆர்மிச் சட்டத்தின் 7ஏ பிரிவைப் படி. படைப் பணிக்கு அழைக்கப்பட்டவரை முதலாளி மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. ஆபீசில் வாய்வார்த்தையாகப் பேசாமல், அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு வாங்கு. எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு ஓட்டம் இப்போதே தொடங்கு, மூட்டுவலித் தைலம் நான் அனுப்புகிறேன். அக்காவிடம் நானே நேரில் பேசுகிறேன். அழுவார், திட்டுவார், எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி திட்டுவார். நீ குறுக்கே வந்து வாதாடாதே. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அந்தச் சட்டத்தின் நகல் ஒன்று எனக்கும் எடுத்து வா.

இப்படிக்கு,
உன் மாமன்