உம்மாவின் வளவு

சகோதரிகளே, கல்முனைக் கரையில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஒரே வளவுக்குள் உம்மா வீடு, பக்கத்தில் மூத்த மகள் வீடு, அப்பால் இளையவள் வீடு. சாச்சிமாரின் மடியிலேயே பிள்ளைகள் வளர்ந்துவிடும். (அந்தச் சீதன வீட்டுக்காக வாப்பாமார் படும் பாட்டை நான் மெச்சுவதில்லை, அது வேறு கதை.)

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி மருதமுனை, சாய்ந்தமருது வளவுகளைக் குலைத்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்றது அரசு, பிறகுதான் தளர்த்தியது. தூரத்து வீட்டுத்திட்டங்களில் கூரை கிடைத்தவர்களுக்கு உம்மா பக்கத்தில் இல்லை.

நாங்களும் இரு சிறு பிள்ளைகளோடு ஒரு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு, மாமியின் வளவருகே குடிவந்தோம். வாடகை கூடுதல்தான். சுபஹுக்குப் பின் சின்னவன் மூத்தம்மாவிடம் ஓடுகிறான். அவன் உம்மா சற்றே கண்ணயர்கிறாள்.