‘பார்த்து செய்யறேன்’னா எவ்வளவு?

பவர் பிரஸ் எத்தனை டன் விசையில அழுத்தும்னு கேளுங்க, ஃபார்முலாவோட சொல்லுவோம். அதே பிரஸ்ல ஒருத்தர் கை மாட்டினா அவருக்கு எவ்வளவு பணம் வரணும்னு கேளுங்க... மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டே திருதிருனு முழிக்கும். இத்தனைக்கும், அதுக்கும் ஒரு ஃபார்முலா இருக்கு பாஸ்!

நான் அதைக் கத்துக்கிட்டது கிளாஸ்ல இல்லை. 2025 மே மாசம் கோவை பக்கம் ஒரு பட்டறைக்கு இன்ப்ளான்ட் ட்ரெயினிங் போயிருந்தேன். மொத்தமே ஆறு பேர்தான். பிரஸ் ஓட்டுற அண்ணனுக்கு 26 வயசு, சம்பளம் 14,000 ரூபாய். ‘‘தம்பி, ஷீட்டை இப்படிப் பிடிக்கோணும்’’னு எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். நான் சேர்ந்த மூணாவது வாரம், அவரோட வலது கை ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போயிடுச்சு. பெடலை மிதிச்சா இறங்குற மெஷின் அது. கை உள்ளே போகாமத் தடுக்கிற கார்டு எதுவும் கிடையாது.

முதலாளி ஒண்ணும் சினிமா வில்லன் இல்லை. தன்னோட வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அள்ளிட்டுப் போனார். பில் முழுக்கக் கட்டினார். அண்ணனோட தங்கச்சி கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவரும் அவர்தான். ‘‘நீ கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். சரி விடு, பார்த்து செய்யறேன்’’னார். அந்த ‘பார்த்து’ ஒரு மாசம் கழிச்சு 15,000 ரூபாயா வந்து நின்னுச்சு. கூடவே, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’னு டைப் அடிச்ச ஒரு பேப்பர்.

‘‘சோறு போட்டவர் மேல எப்படித் தம்பி கேஸ் போடறது?’’னு அண்ணன் கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு தொழிற்சங்க ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்த பெரியவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘‘கண்ணு, போன்ல கால்குலேட்டரை எடு’’ன்னார்.

1923-ல வந்த இழப்பீட்டுச் சட்டத்துல கணக்கு இருக்கு. சம்பளம் 14,000-ல 60 சதவிகிதம், 8,400. அதை வயசுக்கு ஏத்த காரணியால பெருக்கணும். 26 வயசுக்கு அது 215.28. வந்தது 18,08,352. ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போனா சம்பாதிக்கிற திறன்ல 11 சதவிகித இழப்புனு அட்டவணையே சொல்லுது. ஆக, 1,98,918 ரூபாய்! அண்ணன் என் போனை வாங்கி, இன்னொரு தடவை தானே போட்டுப் பார்த்தார்.

‘‘தப்பு என் மேலதானுங்களே ஐயா... நான்தானே கவனமா இல்லை?’’ன்னார். பெரியவர் சிரிச்சார். சட்டம் அந்தக் கேள்வியையே கேட்கலையாம்! குடிச்சிட்டோ போதையிலயோ இருந்தது, பாதுகாப்பு விதியை வேணும்னே மீறினது, கார்டை வேணும்னே கழட்டினது, இந்த மாதிரி காரணங்களைத்தான் முதலாளி சொல்ல முடியும். உயிர் போனாலோ, ஆள் நிரந்தரமா முழுசா முடங்கினாலோ அந்தக் காரணமும் செல்லாது. ஒரு நொடி கண் அசந்தது அந்த லிஸ்ட்லயே இல்லை.

இன்னும் சில விஷயம் சொன்னார். ஆஸ்பத்திரி செலவு வேற, இழப்பீடு வேற. அதைக் கட்டிட்டேன்னு இதைக் கழிக்க முடியாது. ‘எனக்கு எதுவும் வேண்டாம்’னு எழுதி வாங்கின பேப்பர் செல்லாது. ஒரு மாசத்துக்குள்ள தரலைன்னா 12 சதவிகிதம் வட்டி சேரும். ரெண்டு வருஷத்துக்குள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துல மனு கொடுக்கணும். வக்கீல் வைக்க வசதியில்லாத தொழிலாளிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவச உதவி உண்டு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற, இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனின்னா ரூட்டே வேற. அங்கே இ.எஸ்.ஐ.யே ஆயுசுக்கும் மாசாமாசம் தரும்.

2025 நவம்பர் 21-லிருந்து அந்தப் பழைய சட்டம், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள்ள போயிடுச்சு. ‘யார் மேல தப்பு’னு பார்க்காத அடிப்படை அப்படியேதான் இருக்கு. வேலைக்குப் போற வழியிலயும் வர்ற வழியிலயும் நடக்கிற விபத்தும் இப்போ அதுல சேரும்.

அண்ணன் பேப்பர்ல கையெழுத்துப் போடலை. மனு கொடுக்கறதுக்கு முன்னாடி முதலாளியை நேர்ல போய்ப் பார்த்தார். ‘‘உங்க மேல கோவம் இல்லீங்க. நீங்க செஞ்ச நல்லதையும் மறக்கலை. இது கணக்குங்க’’ன்னார். கேஸ் நடந்துட்டு இருக்கு. அண்ணன் இப்போ வேற பட்டறையில, நடுவிரலால வெர்னியரைத் தள்ளி அளவு பார்க்கப் பழகிட்டார்.

நன்றி வேற, உரிமை வேற. ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுக் கொடுக்கும்போதுதான் நம்மாளுங்க ஏமாந்துடறாங்க.

சரி, நம்ம கதை? 1961 அப்ரன்டிஸ் சட்டத்துல பதிஞ்சு சேர்ந்தவங்களுக்கு இழப்பீடு உண்டு. காலேஜ் லெட்டரை நீட்டிட்டு ட்ரெயினிங் போற நமக்கு? என் லெட்டரைத் தேடி எடுத்துப் படிச்சேன். ஒழுங்கா நடந்துக்கணும், ஷூ போடணும், ரிப்போர்ட் கொடுக்கணும், எல்லாம் இருக்கு. அடிபட்டா யார் பொறுப்புங்கிற வரி மட்டும் இல்லை. ஹெச்.ஓ.டி. சார்கிட்ட கேட்டேன். ‘‘நல்ல கேள்விப்பா’’ன்னார். பதிலுக்கு வெயிட்டிங்!

உங்க காலேஜ்லயும் கேட்டு வைங்க ஃப்ரெண்ட்ஸ். மெஷின் பக்கத்துல போய் நிக்கறதுக்கு முன்னாடியே!