முகவரி முடிவு செய்யும் கல்வி



செல்வமும் விஞ்ஞானமும் கொழிக்கும் அமெரிக்க நாடு, தன் பொதுப்பள்ளிகளைச் சீர்திருத்த ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடி வருகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? சில ஆண்டுகள் அங்கே குடியிருந்து, மகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பிய தாய் என்ற முறையில், அந்தப் போராட்டத்தில் நான் கண்ட ஒரு முடிச்சை உங்கள் முன் வைக்கிறேன்.

1837-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளரான ஹொரேஸ் மான், ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ்ப் பயிலும் பள்ளிக்காக உழைத்தார். 1852-இல் அம்மாநிலம் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றியது. 1918-க்குள் எல்லா மாநிலங்களும் அவ்வழியே வந்தன. பள்ளிகள் பெருகின. ஆனால், அவற்றிற்கான பணத்தின் பெரும்பகுதி அந்தந்த ஊரின் வீடு, நிலங்களின் மீதான சொத்து வரியிலிருந்தே வந்தது. முடிச்சு விழுந்த இடம் அதுதான். செல்வர் வாழும் ஊரின் பள்ளி செழித்தது. ஏழைகள் வாழும் ஊரின் பள்ளி மெலிந்தது.

நாங்கள் வாடகைக்கு வீடு தேடியபோது, வீட்டுக்காரர் அறைகளைக் காட்டுமுன்னே பள்ளியின் சிறப்பைத்தான் சொன்னார். வாடகை கூடுதலாக இருந்ததன் காரணமும் அதுவே. பின்னர் என் மகளின் தோழி ஒருத்தியின் குடும்பம், வாடகை உயர்ந்ததால் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தது. பத்து நிமிட நடைதூரம்தான்! ஆயினும் இடையே பள்ளி மாவட்டத்தின் எல்லை இருந்தது. அச்சிறுமி பள்ளியை மாற்ற வேண்டியதாயிற்று. அவள் அறிவு குறைந்ததா? இல்லை, முகவரி மாறியது, அவ்வளவே.

இந்த அநீதியை எதிர்த்து வழக்காடியவர்களும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் தகட்டுத் தொழிலாளியான டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்பவரும் பிற பெற்றோரும் 1968-இல் நீதிமன்றம் ஏறினர். அவர்களுடைய எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கு 356 டாலர் செலவிட்டது; அருகிலிருந்த செல்வர் பகுதியான அலமோ ஹைட்ஸ் 594 டாலர் செலவிட்டது. இத்தனைக்கும் அதிக விகிதத்தில் வரி கட்டியவர்கள் ஏழைகளே! 1973-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் 1989-இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம், அம்மாநில அரசியல் சட்டத்தின்படி அந்த நிதிமுறை செல்லாது என்றது.

சீர்திருத்தங்களோ தொடர்ந்து வந்தன. இனப்பிரிவினைப் பள்ளிகள் செல்லா என்ற தீர்ப்பு 1954-இல் வந்தது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு மத்திய அரசு நிதி தரும் சட்டம் 1965-இல் பிறந்தது. இவை மெய்யான முன்னேற்றங்கள். 2002-இல் கையெழுத்தான சட்டமோ ஆண்டுதோறும் தேர்வு வைத்து, 2014-க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டுமென்றது. எட்டவில்லை, 2015-இல் வேறு சட்டம் அதனிடத்தைப் பிடித்தது. மாநில அரசுகளின் நிதியுதவியால் ஏற்றத்தாழ்வு பல இடங்களில் குறைந்துள்ளது, மறையவில்லை.

எண்ணிப் பாருங்கள்! நோயாளியின் காய்ச்சலை நாள்தோறும் அளந்தால் மட்டும் நோய் தீருமா? மருந்தும் உணவும் வேண்டாவா? பள்ளியைச் சீர்திருத்துகிறோம் என்று யார் எங்கே முழங்கினாலும், பெற்றோராகிய நாம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: மிக எளிய வீட்டுப் பிள்ளையின் வகுப்பறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அதற்கு நேரான விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.