சௌரங்கியின் ஸ்விங் இரவுகள்

போர்க்காலக் கல்கத்தாவில் ஒரு ஹோட்டலின் நடன இசை வானொலியில் ஒலித்தது. தெருவில் கேட்ட குரல் வேறு.

கொல்கத்தாவின் சௌரங்கி சாலைக்கு ஜவாஹர்லால் நேரு பெயரைச் சூட்டிப் பல காலமாகிறது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் சௌரங்கிதான். மேற்கே மைதானத்தின் புல்வெளி. கிழக்கே பனியன், பெல்ட், செருப்பு என்று நடைபாதையை நிறைத்திருக்கும் கடைகள். அந்த நெரிசலின் பின்னால் வெள்ளை முகப்போடு நிற்கிறது கிராண்ட் ஹோட்டல். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க சிப்பாய்கள் வந்து ஆடியது இங்கேதான். அவர்களுக்குப் பியானோ வாசித்தவர் அமெரிக்கக் கறுப்பரான டெடி வெதர்ஃபோர்டு.

அவருடைய குழு வாசித்தது ஸ்விங். பத்துப் பதினைந்து பேர் கொண்ட 'பிக் பேண்ட்' இசை அது. சாக்சஃபோன் வரிசை ஒன்று சொல்ல, டிரம்பெட் வரிசை பதில் சொல்லும். கீழே டிரம்ஸும் பாஸும் காலை ஆட வைக்கும். 1930களில் அமெரிக்க வீடுகளுக்குள் இதைக் கொண்டு சேர்த்தது வானொலி. ஹோட்டல் நடனக் கூடங்களில் மைக் வைத்து இரவு நிகழ்ச்சியை அப்படியே ஒலிபரப்பினார்கள். 1942இல் அமெரிக்க ஆயுதப் படை வானொலி தொடங்கியதும் அதே வழக்கம் சிப்பாய்களோடு கடல் தாண்டியது. பர்மா போர்முனைக்கும் சீனாவுக்கும் சரக்கு போய்க்கொண்டிருந்த கல்கத்தாவுக்கும் வந்தது.

வெதர்ஃபோர்டு இங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது. 1903இல் வர்ஜீனியாவின் போகஹான்டஸ் என்ற ஊரில் பிறந்தவர். சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கோடு வாசித்தவர். 1926இல் கிழக்கே கப்பலேறினார். 1934இல் ஊர் திரும்பியபோது பக் கிளேட்டனின் குழுவை ஷாங்காய்க்கு அழைத்துப் போனார். பிறகு பம்பாய் தாஜ் ஹோட்டல். 1940களின் தொடக்கத்தில் கல்கத்தா. கொலம்பியா நிறுவனத்துக்காக இங்கே இசைத்தட்டுகளும் பதிவு செய்தார்.

போர், குழுவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. ஜப்பானியர் பிடித்த ரங்கூனிலிருந்து தப்பி வந்தவர் கிளாரினெட் கலைஞர் ரூபன் சாலமன். வணிகக் கப்பலில் சமையல்காரராக வந்த ஜிம்மி விதர்ஸ்பூன், வெதர்ஃபோர்டு குழுவோடு பாடினார். அந்தக் குழு ஆயுதப் படை வானொலியில் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்திவந்தது. விதர்ஸ்பூனைக் கவனிக்க வைத்தது அந்த ஒலிபரப்புதான். 1949இல் அவர் அமெரிக்காவின் பிரபல புளூஸ் பாடகர். கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனிப் பிரிவாக வைத்திருந்த ராணுவம் அது; அதைக் கைவிடும் உத்தரவே 1948இல்தான் வந்தது. ரேடியோப் பெட்டிக்கு முன்னால் அந்தப் பிரிவினை செல்லவில்லை.

ஹோட்டல் வாசலிலிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் கட்டடம். 1943இல் வங்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டினியோடு வந்தவர்கள் இந்த நகரத்தின் நடைபாதைகளில் விழுந்து செத்தார்கள். வீட்டு வாசல்களில் அவர்கள் சோறு கேட்கவில்லை. 'ஃபேன் தாவ்' என்று, சோறு வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். அரசாங்கம் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. ஆசிரியர் இயான் ஸ்டீஃபன்ஸ் ஆகஸ்ட் 22 அன்று ஸ்டேட்ஸ்மனில் படங்களை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திடுக்கிட்டது. செத்தவர்கள் 30 லட்சம் வரை என்பது மதிப்பீடு. நடனக் கூடத்து மைக்குக்கு இதெல்லாம் சம்பந்தமில்லாத விஷயம். சிப்பாய்க்கு ஊர் நினைப்பைத் தருவது மட்டுமே அதன் வேலை.

ஆனால் நகரத்தின் நோய்க்கு ஹோட்டல் கதவு தடையாக இருந்ததில்லை. தொற்றுநோயில் விருந்தினர்கள் இறந்ததால் 1937இல் கிராண்ட் மூடப்பட்டது. கழிவுநீர்க் குழாய்கள் மீது சந்தேகம். அதன் பிறகே மோகன் சிங் ஒபராய் அதைக் குத்தகைக்கு எடுத்தார். 1945 ஏப்ரல் 25 அன்று வெதர்ஃபோர்டும் இதே ஊரில் இறந்தார். வயது 41. காரணம் காலரா: சேரிகளில் பெயர் தெரியாதவர்களைக் கொண்டுபோன அதே நோய்.

போர் முடிந்து சிப்பாய்கள் போனார்கள். இசை பார்க் ஸ்ட்ரீட்டுக்கு நகர்ந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், 1960களின் இறுதியில் புடவையும் பொட்டுமாக டிரின்காஸில் பாடினார். 1940களின் கல்கத்தாவில் டிரம்பெட் வாசித்த நேபாளியின் மகன் லூயி பேங்க்ஸ், 1970களில் புளூ ஃபாக்ஸில் பியானோ வாசித்தார். மின்வெட்டு, கேளிக்கை வரி, அரசியல் பதற்றம் எல்லாம் சேர்ந்து பல மேடைகளை மூட வைத்தன. டிரின்காஸில் இன்றும் பாட்டு உண்டு.

வெதர்ஃபோர்டின் கல்கத்தாப் பதிவுகள் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. பியானோ துள்ளுகிறது, குழல்கள் ஒன்றுக்கொன்று சிரித்துப் பேசுகின்றன. எந்த ஊரில், எந்தக் காலத்தில் வாசித்தது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஸ்டேட்ஸ்மனின் பழைய இதழைத்தான் புரட்ட வேண்டும்.