ஓரத்துக் கல்

போன ஆடியில் என் வீட்டு நிழல்வலைக் கொட்டகை பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் உட்கார்ந்தது. காருக்காக வாங்கி நிறுத்திய கொட்டகை. நாலு குழாய்க்கால்களும் அதோடு போயின. காலுக்கு ஒன்றாக மண்ணில் முறுக்கி இறக்கியிருந்த திருகாணிகளும் போயின. முருங்கை வீட்டுக்காரர் கிளை முறிந்ததற்குக் கோபிக்கவில்லை. "ஆணியெல்லாம் பத்திரமா இருக்கு சார், வந்து எடுத்துக்கங்க" என்றார். அதுதான் கொஞ்சம் வலித்தது.

ஆணிகள் உண்மையிலேயே பத்திரமாக இருந்தன. வளையவில்லை, ஒடியவில்லை, ஒன்றரை அடி நீளத்துக்குப் புத்தம் புதுசாகப் பளபளத்தன. இரும்பு தோற்கவில்லை, மண் விட்டுவிட்டது. தேனி ஓரத்தில் குடியிருந்துகொண்டு ஆடிக்காற்றைப் பற்றி வியாபாரியிடம் கேட்காமல் வாங்கியது என் தப்பு. ஆனாலும் மண் எப்போது விடும், எப்போது பிடிக்கும் என்பது அன்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வைகாசிக் கடைசியில், காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் புதிதாகத் திராட்சைப் பந்தல் போடுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னதும் கிளம்பிவிட்டேன். பந்தல் போடுகிறவர்களை விட்டால் இதை யாரிடம் கேட்பது?

தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்குள் நுழைய மேற்குத் தொடர்ச்சி மலையில் நாலு வாசல்கள் உண்டு என்பார்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். காற்றாலைக்காரர்கள் கொண்டாடும் அந்த வாசல்களில் ஒன்றின் நேர்முன்னால்தான் கம்பம் பள்ளத்தாக்கு தன் திராட்சைகளைத் தொங்கவிட்டிருக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் இங்கே பன்னீர் திராட்சை ஆகி, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சாலையோரம் பழம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் படம் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து கொத்துகளையே பார்ப்பார்கள். நானும் பல தடவை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. கல்தூண்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பத்தடிக் கல், உளி வைத்துப் பிளந்தது. முகம் கரடாகவும் நிறம் சாம்பலாகவும் இருந்தது. இப்போது கான்கிரீட் தூணும் இரும்புக் குழாயும் வந்துவிட்டன. இந்தத் தோட்டக்காரர் கல்லே வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். ஆறேழு பேர் வேலை செய்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் மட்டும் வேலை செய்யாமல் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மேஸ்திரி.

"நடுக்கால் நடுறது யாரு வேணாலும் நடுவாய்ங்க சார்," என்றார், வணக்கம் சொல்லி முடிப்பதற்குள். "நடுவுல இருக்குறது சும்மா தாங்கிக்கிட்டு நிக்கும். வேலை பூராம் ஓரத்துலதேன்."

எனக்கு அது உடனே புரியவில்லை. நூல் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு நடுத்தூண்களை நிறுத்திக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்தால் அவர்கள்தான் சிரமமான வேலை செய்வதுபோல் தெரிந்தது. தூண் ஒன்றை நாலு பேர் தூக்க, ஒருவர் கடப்பாரையால் அடியைக் குழிக்குள் தள்ளி நிமிர்த்த, அது குழியில் இறங்கும்போது தரை அதிர்ந்தது. ஓரத்தூண்கள் மட்டும் நேராக நிற்கவில்லை. தலை வெளிப்பக்கம் பார்க்கச் சாய்ந்திருந்தன. யாரோ அளவு தப்பி நட்டுவிட்டார்களோ என்று முதலில் நினைத்தேன்.

சாய்வுக்குக் காரணம் கம்பி. பந்தல் என்பது தூண்களின் தலையில் கட்டம் கட்டமாக ஓடும் ஜி.ஐ. கம்பி வலைதான். ஓரத்தைச் சுற்றி ஓடுவது ஆறாம் நம்பர், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனம். உள்ளே போகப் போக எட்டு, பத்து, பன்னிரண்டு. கம்பிக்கடையில் முதன்முதலாக நிற்கிறவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் இது: நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். எத்தனை தடவை அச்சுத் துளைக்குள் இழுத்து மெலிய வைத்தார்களோ அந்தக் கணக்கிலிருந்து வந்த பழக்கம்.

இந்த வலையை முறுக்காக இழுத்துக் கட்டினால் அது எந்நேரமும் ஓரத்தூண்களின் தலையைத் தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதற்கு வீட்டுத் துணிக்கொடியை எடுத்துக்கொள்ளலாம். இருபதடிக் கொடி. நடுவில் 10 கிலோ ஈரத்துணி. கொடி ஒரு அடி தொய்ந்திருந்தால் இரண்டு பக்கத்து ஆணியையும் ஆளுக்கு 50 கிலோ இழுக்கும். தொய்வு பிடிக்கவில்லை என்று முறுக்கி அரையடியாக்கினால் இழுப்பு 100 கிலோ. துணி அதேதான். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான் இது, ஆனால் துணிக்கொடி ஆணி பெயர்ந்து வந்தபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்ததில்லை. திராட்சைக்குத் தொய்வு ஆகாது. தொய்ந்த இடத்தில் கொடி மொத்தமும் சரிந்து கூடும். அதனால் வலை மட்டமாக இருக்க வேண்டும், மட்டமாக இருந்தால் ஓரம் மாட்டிக்கொள்ளும். வேளாண் பல்கலைக்கழகம் மஸ்கட்டுக்குச் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு வருஷம் 30 டன். இரண்டு மூன்று அறுப்பாகப் பிரித்தாலும் ஒரு நேரத்தில் ஏக்கருக்கு நாலைந்து டன் பழம், அதன்மேல் கொடி, இலை, மழை நனைத்தால் அதன் ஈரம். அப்புறம் காற்று.

முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரி இந்தப் பக்கம் வந்திருந்தால், தேருக்கு ஸ்டே கம்பி எங்கே கட்டுவது என்று இந்த மேஸ்திரி கேட்டிருப்பார்.

ஸ்டே கம்பி என்றுதான் இவர்களும் சொல்கிறார்கள், மின்வாரியத்து லைன்மேன்களைப் போலவே. ஓரத்தூண் தலையிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்கி மண்ணுக்குள் போகும் கம்பி. மூலைத்தூணுக்கு இரண்டு. வலை உள்ளே இழுக்க, ஸ்டே வெளியே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் தூண் தன் அடியை மண்ணில் அழுத்திக்கொண்டு நிற்கிறது. தலையை வெளியே சாய்த்து வைத்தால் அந்த அழுத்தம் கல்லின் நீளவாட்டில் போகும். கல்லை நசுக்குவது கஷ்டம், குறுக்கே ஒடிப்பது சுலபம்.

மண்ணுக்குள் போன கம்பி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? அதைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

குழி மூன்றரை அடி ஆழம். உள்ளே ஒடிந்த தூண்துண்டு ஒன்று, இரண்டடி நீளம், படுக்கை வாட்டில். அதன் இடுப்பில் கனத்த கம்பி சுற்றி மேலே கொக்கியாக நீட்டியிருந்தது. அவ்வளவுதான். சிமெண்ட் கிடையாது. ஆனால் குழியைத் தோண்டியிருந்த விதம் வேறு மாதிரி இருந்தது. தோட்டத்தின் பக்கத்துச் சுவர் செங்குத்தாக, மண்வெட்டி பட்ட தடம் கலையாமல் இருந்தது. வெளிப்பக்கம் எப்படியோ அள்ளிக் கிடந்தது. கல்லை அந்தச் செங்குத்துச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். கம்பி வெளியே வருவதற்கு மட்டும் அந்தச் சுவரில் சாய்வாக ஒரு விரற்கடை அகலத்துக்குக் கீறியிருந்தார்கள்.

"இது ஆத்தா வயித்துல இருந்த மண்ணு," என்று அந்தச் சுவரைத் தட்டினார் மேஸ்திரி. "யாரும் தொட்டதில்ல. கல்லு இதுமேலதேன் சாஞ்சு இழுக்கணும். அங்கிட்டு இருக்குறது நாம தோண்டிப் போட்ட மண்ணு. அது எம்புட்டு இடிச்சாலும் பழைய மண்ணு ஆகாது."

என் கொட்டகையின் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி ஆணியைப் பற்றியது அல்ல. "வீட்டைச் சுத்தி மேடாக்க மண்ணு அடிச்சீங்களா?"

அடித்திருந்தேன். ஏழு டிராக்டர் கிராவல்.

"அப்ப ஆணி எங்க மண்ணுக்குள்ள போச்சு? டிராக்டருக்குள்ளதேன் போயிருக்கு."

குழிக்குள் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. திருகாணிக்காகக் கொஞ்சம் பரிந்து பேச வேண்டும். அதன் பூர்வீகம் பெரியது. அலெக்சாண்டர் மிட்செல் என்ற அயர்லாந்துக்காரர், இருபத்திரண்டு வயதுக்குள் பார்வையை முழுதும் இழந்தவர், 1833இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கப்பல்களைக் கட்டிப்போட, கலங்கரை விளக்கம் நிறுத்த. 1838இல் தேம்ஸ் முகத்துவாரத்து மணல் திட்டில் அவருடைய அகன்ற இரும்புத் திருகுகளை ஆழத்துக்கு இறக்கினார்கள். ஓடும் மணலில் அவை நின்றன. ஆக, குறை திருகில் இல்லை. ஒன்றரை அடியில் நிறுத்தியதிலும் கொட்டிய மண்ணை நம்பியதிலும்தான். புதைந்த கல்லைப் பிடுங்க வேண்டுமானால் அதன் மேலே தலைகீழ்க் கூம்புபோல் இருக்கும் மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். கூம்பின் ஆழம் இரண்டு மடங்கானால் கனம் எட்டு மடங்கு. ஒன்றரை அடிக்கும் மூன்றரை அடிக்கும் உள்ள தூரம் இரண்டடி இல்லை என்று அந்தக் குழி ஓரத்தில்தான் உறைத்தது.

மண் மூடுவது பெண்கள் வேலை. அரையடி மண் தள்ளி, திமிசால் இடித்து, மறுபடி அரையடி. திமிசு என்ற சொல்லை நான் கேட்டே வருஷங்கள் ஆகியிருந்தன. சாலை போடுமிடத்தில் சின்ன வயதில் பார்த்தது. ஒரு அக்கா இடிக்க, இன்னொருவர் குவளையால் தண்ணீர் தெளித்தார். தெளித்தார்தான், ஊற்றவில்லை. கொஞ்சம் தாராளமாக விழுந்தபோது இடிக்கிறவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சேறாக்கிப்புட்டா திமிசு ஒட்டிக்கிட்டு வரும், மண்ணு இறுகாது," என்றார் என்னிடம். சத்தம் மாறும்வரை இடிக்க வேண்டுமாம். முதலில் சப்பென்று விழும், அப்புறம் மொத்தென்று, இறுகினால் டக்கென்று. என் காதுக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. இருபது நிமிஷம் நின்றபின் கடைசிச் சத்தம் மட்டும் தனியாகத் தெரிந்தது. இந்த வேலைக்கு மேஸ்திரிப் பட்டம் கிடையாது. கல் நிற்பதும் பிடுங்கிக்கொண்டு வருவதும் பாதி இவர்கள் காதில் இருக்கிறது. கூலிக்கணக்கில் அது "மண் தள்ளும் ஆள்" என்றுதான் ஏறுகிறது. இதை மேஸ்திரியிடமே சொன்னேன். மறுக்கவில்லை, பேச்சைத்தான் மாற்றினார்.

மாற்றிய பேச்சும் சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. ஸ்டே கம்பி தூணிலிருந்து அஞ்சாறு அடி வெளியே போய்த்தான் மண்ணில் இறங்கும். அந்த அஞ்சாறு அடி யாருடைய நிலம்? வரப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் சண்டை. இந்தப் பக்கமே முடித்துக்கொள்ளக் கம்பியைச் செங்குத்தாக இறக்கினால் அது வெளியே இழுக்காது, தூணை மண்ணுக்குள் அமுக்கும். அதனால் தோட்டக்காரர் தன் நிலத்திலேயே ஒரு வரிசைக் கொடியை விட்டுக்கொடுத்துப் பந்தலை உள்வாங்க வேண்டும். பலருக்கு மனசு வராதாம். "ஒரு வரிசை போகுதேன்னு அழுவாய்ங்க. பந்தல் விழுந்தா எல்லா வரிசையும் போகும்னு சொன்னா, நல்ல வார்த்தை சொல்லுய்யாம்பாய்ங்க."

கம்பி சரியாக எந்த இடத்தில் அறும் என்று கேட்டேன். மண்ணும் காற்றும் சந்திக்கிற விரற்கடையில் என்றார். ஆழத்தில் துரு மெல்ல ஏறும், வெளியில் காய்ந்துவிடும். தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் உரத்தின் உப்பும் சேர்ந்து அரித்துவிடும். அங்கே மட்டும் தார் பூசியிருந்தார்கள். பழைய பந்தல்களைப் பார்க்கப் போனால் அவர் முதலில் அந்த இடத்து மண்ணைக் கையால் விலக்கிப் பார்ப்பாராம். இன்னொரு எதிரி அடைமழை. மண் முழுக்க நீர் ஊறினால் அதில் புதைந்ததற்கும் மேலே இருப்பதற்கும் பாதிக் கனம்தான் நிற்கும், தண்ணீருக்குள் கல்லைத் தூக்குவதுபோல. மழையும் காற்றும் சேர்ந்து வரும் ராத்திரிதான் பந்தல்கள் சாயும் ராத்திரி.

சின்னமனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அங்கே கொடியைத் தாங்குவது அகத்தி; அது தன் ஸ்டே கம்பியைத் தானே வேராக இறக்கிக்கொள்ளும். மேஸ்திரியின் அப்பா கொடிக்கால் வேலைக்காரராம். "அவுக விதை ஊனுனாக. நான் கல்லு ஊனுறேன்," என்றார்.

மத்தியானத்துக்கு மேல் மேற்கு ஓரத்துக் கம்பியை இழுத்தார்கள். கைப்பிடி வைத்த இழுப்பானில் ஒருவன் பல் பல்லாக ஏற்ற, தொய்ந்து கிடந்த ஆறாம் நம்பர் தரையை விட்டு எழும்பி, தூண் தலைகளைத் தொட்டு நேரானது. மேஸ்திரி தூணைப் பார்க்கவே இல்லை. ஸ்டே கம்பி மண்ணுக்குள் போகும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, கம்பிக்குப் பக்கத்தில் கட்டைவிரலை மண்ணில் ஊன்றியிருந்தார். ஒரு இடத்தில் கையைத் தூக்கினார். இழுப்பான் நின்றது. கல் தன் பழைய மண்ணில் சாய்ந்து உட்கார்கிற அசைவு அது, நூலளவு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஏற்றச் சொன்னார். இந்தத் தடவை விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை போலும். எழுந்து, கம்பியைக் கட்டிங் பிளேயரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தூணுக்கு நடந்தார். முதல் காய்ப்பு முடிந்து கவாத்து பண்ணும்போது வந்து திரும்ப ஒரு தடவை இழுத்துக்கொடுக்க வேண்டும் என்றார். கம்பி புதுசில் கொஞ்சம் நீளும்.

கிளம்பும்போது கேட்டார்: "வீட்ல பழைய அம்மி, ஆட்டுக்கல்லு ஏதும் கெடக்கா?"

கிடந்தது. மிக்ஸி வந்த நாளிலிருந்து கொல்லைப்புறத்தில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு, காக்கைக்குக் குளியல் தொட்டியாக.

போன ஞாயிற்றுக்கிழமை கிராவலைத் தாண்டி, கறுப்பு மாறிச் செம்மண் தட்டும்வரை தோண்டினேன். நாலு கல் வேண்டியிருந்தது. இரண்டு அம்மி தெருவில் கேட்டு வாங்கியது, ஒன்று ஒடிந்த வாசற்படி, நாலாவது எங்கள் ஆட்டுக்கல். மேற்கு மூலைக்கு அதைத்தான் ஒதுக்கியிருந்தேன். இடுப்பில் கம்பியைச் சுற்றி நானும் முருங்கை வீட்டுக்காரருமாக உருட்டிக்கொண்டு வந்தபோது அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டார். நாற்பது வருஷம் மாவாட்டிய கல். எதற்கு, ஏன் என்று எல்லாம் விளக்கிச் சொன்னேன். காற்று, இழுப்பு, கூம்பு. பொறுமையாகக் கேட்டார்.

"குழவியை என்னடா பண்ணுன?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. கொல்லையில் கிடக்கிறது என்றேன். தனியாக அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதையும் கூடவே போடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முருங்கை வீட்டுக்காரர்தான் போய் எடுத்துவந்தார்.