குஞ்சோட பின்பக்கம் பாக்கத் தெரியணும்

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அஞ்சரை மணிக்கு மாட்டைப் பிடிச்சுக் கட்டிட்டு இருக்கேன், போன் அடிக்குது. கோயமுத்தூர்ல கம்பெனி வேலையில இருக்கிற என் தங்கச்சி மகன். மொட்டை மாடியில பத்து நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விட்டிருக்கான். வந்து மூணு நாள்தான் ஆகுது.

"மாமா, ஒரு குஞ்சுக்குப் பின்னாடி என்னமோ அடைச்சுட்டு இருக்குங்க. பிச்சு எடுத்துடட்டுங்களா?"

"டேய், கையை எடு மொதல்ல. போட்டோ அனுப்பு"ன்னேன்.

ஏன் அப்படிப் பதறினேன்னா, புதுசா குஞ்சு வளக்கறவங்க பண்ற மொதல் தப்பே அதுதான். பொரிச்ச குஞ்சுக்கு வயித்துப் பக்கம் தொப்புள் இருக்கும். காஞ்சுபோன சின்னப் பொருக்கு மாதிரி ஒட்டிட்டு இருக்கும். அதைப் பீன்னு நெனச்சுப் பிச்சா குஞ்சு செத்துப்போகும். பீத்துவாரம் அதுக்கும் பின்னால, வாலுக்குக் கீழே இருக்கும். ரெண்டும் வேற வேற. போட்டோவைப் பாத்தேன். நல்லவேளை, தொப்புள் இல்ல, பீதான் காஞ்சு அடைச்சிருந்தது.

வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு ரெண்டு நிமிசம் ஒத்தடம் மாதிரி வெச்சுப் பிடிக்கச் சொன்னேன். ஊறினா தானா கழண்டு வரும். இழுக்கவே கூடாது, இழுத்தா தோலோட வந்துரும். அப்புறம் ஈரம் போகத் துடைச்சு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, சூட்டுல விடணும். ஈரத்தோட விட்டா குளிர்லயே போயிரும்.

"சரி மாமா, என்ன மருந்து குடுக்கணும்?"னு கேட்டான்.

"மருந்து வேண்டாம். லைட்டு எங்க தொங்குது சொல்லு"ன்னேன்.

இப்ப இவ்வளவு தெளிவாச் சொல்றேனே, இது எனக்குச் சும்மா வந்த புத்தி இல்லீங்க. என் வீட்டுக்காரம்மாவோட குழுக் கடன் காசுல படிச்ச படிப்பு. அதைத்தான் இன்னிக்கு எழுதலாம்னு உக்காந்தேன்.

ஏழெட்டு வருசம் இருக்கும். மகளிர் குழுவுல கடன் வாங்கி, 60 சிறுவிடைக் குஞ்சு வாங்கலாம்னு அவதான் சொன்னா. பெரிய கோழி ஆக்கி வித்தா கடனும் அடையும், சின்னவளுக்குக் காலேஜ் பீசுக்கும் கொஞ்சம் ஆகும்னு கணக்கு. ஆட்டுப்பட்டி ஓரமா பழைய கொட்டகை ஒண்ணு இருந்தது. கடலைத் தொலியைப் பரப்பி, ரெண்டு குண்டு பல்பு தொங்கவிட்டு, குஞ்சுகளை இறக்கினோம்.

மூணாம் நாளே ஏழெட்டுக் குஞ்சுக்குப் பின்பக்கம் அடைச்சுப்போச்சு. நாலு செத்துப்போச்சு. நான் ஓடினேன் மருந்துக் கடைக்கு. அவர் ஒரு பொடி குடுத்தார், தண்ணியில கலக்குங்கன்னார். கலக்கினேன். அன்னைக்குச் சாயங்காலமே பல்பு ஒண்ணு பீஸ் போனதைப் பாத்து, வேற பெரிய பல்பா மாட்டி, கொஞ்சம் தாழ்த்தியும் கட்டினேன். ரெண்டு நாள்ல எல்லாம் சரியாப் போச்சு.

பாத்தீங்களா, சரி பண்ணினது பல்பு. பேர் வாங்கினது பொடி. எனக்கு அது அன்னைக்கு விளங்கல. "அந்தப் பொடி சூப்பருங்க"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

மொதல் வாரத்துல பெரும்பாலும் பின்பக்கம் அடைக்கிறதுக்குக் காரணம் சூடு பத்தாதது, இல்லேன்னா சூடு ஜாஸ்தி, இல்லேன்னா வண்டியில அலைஞ்சு தண்ணி வத்திப் போனது. தாய்க்கோழி உடம்பு நம்ம உடம்பை விடச் சூடு. அந்தச் சூட்டை நாம குடுக்கணும். மொதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைச்சுட்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லாட்டியும் குஞ்சே சொல்லிரும். எல்லாம் பல்புக்குக் கீழே ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கத்தினா குளிர். பல்பை விட்டு ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு. பரவலா மேஞ்சுட்டும் தூங்கிட்டும் இருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். வந்து இறங்கினதும் தீனிக்கு முன்னாடி தண்ணி காட்டணும். கொஞ்சம் வெல்லம் கரைச்சுக் குடுப்போம். வயித்துக்குள்ள மஞ்சக்கரு மிச்சம் இருக்கறதால தீனிக்கு அவசரமே இல்லை.

கதைக்கு வர்றேன். குஞ்சுகள் நல்லா வளந்துச்சு. இறக்கை முளைச்சு, ஒண்ணையொண்ணு தொரத்திட்டு, பாக்கவே அழகா இருந்துச்சு. நாலாவது வாரம் ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. கொட்டகை ஓட்டுல ஒரு பக்கம் ஒழுகுது. தண்ணித் தட்டை வேற குஞ்சுகள் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு, கீழே கடலைத் தொலி சொதசொதன்னு ஆயிருச்சு.

"ஏனுங்க, அடியில எல்லாம் நாத்தம் அடிக்குது. ஈரத்தை அள்ளிக் கொட்டிட்டு வேற போடலாமுங்க"ன்னு அவ ரெண்டு தடவை சொன்னா. மழையில காஞ்ச தொலிக்கு எங்க போறதுன்னு எனக்குச் சோம்பேறித்தனம். "இரு புள்ள, மழை விடட்டும். கோழிக்குத் தெரியாதா எங்க படுக்கறதுன்னு"ன்னு சொல்லிட்டேன்.

மழை பிடிச்சுச் சரியா ஒரு வாரம் இருக்கும். காலையில கதவைத் திறந்தா, அஞ்சாறு குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிட்டு, மயிரைச் சிலுப்பிட்டு நிக்குது. கொண்டை வெளுத்துக் கெடக்கு. மூணு செத்துக் கெடக்கு. கீழே பாத்தா பீயில ரத்தம்.

நான் என்ன பண்ணினேன்? அதே பொடி. போன தடவை கேட்டுச்சே! மறுநாள் எட்டு செத்துச்சு. கடைக்காரர் "டோஸை ஏத்துங்க"ன்னார். ஏத்தினேன். மூணாம் நாள் பன்னெண்டு. மூணே நாள்ல 23 குஞ்சு. கூடையில அள்ளிட்டுப் போய்க் குழி வெட்டிப் போட்டுட்டு வந்தா, அவ வாசல்ல உக்காந்திருக்கா. ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

அவதான் கடைசியா, "செத்ததுல ரெண்டைப் பையில போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. டாக்டர் அறுத்துப் பாக்கட்டும்"னு சொன்னா. செத்த குஞ்சை எதுக்கு ஆஸ்பத்திரிக்குன்னு எனக்குத் தோணுச்சு. ஆனா வாய் பேச எனக்கு அன்னைக்கு யோக்கியதை இல்ல. போனேன்.

கால்நடை மருந்தகத்து டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. கையுறை மாட்டிட்டு ஒரே கீறல். குடலோட கடைசியில ரெண்டு பை மாதிரி இருக்கும், குருட்டுக்குடல்னு சொல்றாங்க. அது ரெண்டும் கறுஞ்சிவப்பா வீங்கி, உள்ளே ரத்தம் கட்டிக் கெடந்துச்சு.

"பாத்தீங்களாங்கய்யா, இது ரத்தக் கழிச்சல். இது ஒரு ஒட்டுண்ணி. நீங்க குடுத்த பொடிக்கு இது அசையாது"ன்னு சொல்லிட்டு, "கூளம் நனைஞ்சிருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

அவங்க விளக்கினது இதுதான். அந்த ஒட்டுண்ணியோட முட்டை குஞ்சு பீயில வெளிய வரும். கூளம் காஞ்சு கெடந்தா அது பெருசா ஒண்ணும் பண்ணாது. ஈரமும் சூடும் இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல அடுத்த குஞ்சுக்கு நோய் குடுக்கத் தயார் ஆயிரும். குஞ்சு தரையைக் கிளறிப் பொறுக்கும்போது வயித்துக்குள்ள போயி, அஞ்சாறு நாள்ல குடலை அரிச்சு ரத்தமா வெளிய வரும். மூணு வாரத்துல இருந்து ஆறு வாரக் குஞ்சுகதான் இதுக்கு அதிகமாப் பலி. பினாயில் ஊத்தினாலும் அந்த முட்டை சாகாதாம்.

ஆம்ப்ரோலியம்னு ஒரு மருந்தை எழுதிக் குடுத்து, அளவும் எழுதி, அஞ்சு நாள் அந்தத் தண்ணியைத் தவிர வேற தண்ணி வெக்கக் கூடாதுன்னாங்க. நான் கெட்டிக்காரத்தனமா, "கூட ஒரு பி வைட்டமின் டானிக்கும் குடுக்கட்டுங்களா, தெம்பா இருக்கும்"னு கேட்டேன். "அய்யோ வேண்டாங்க. அந்த ஒட்டுண்ணி பி1 வைட்டமினை எடுத்துத்தான் வளருது. இந்த மருந்து அதைத் தடுத்துத்தான் வேலை செய்யுது. நீங்க டானிக் ஊத்தினா அதுக்கே சோறு போட்ட மாதிரி. மருந்து முடிஞ்சப்புறம் குடுங்க"ன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா ஈரக் கூளம் பூராவையும் அள்ளிக் கொட்டினோம். ராத்திரி பத்து மணி வரைக்கும் ரெண்டு பேரும். பக்கத்துத் தோட்டத்துல நெல் உமி ரெண்டு மூட்டை கடனாக் கேட்டு வாங்கி விரிச்சோம். அப்புறமும் அஞ்சு குஞ்சு போச்சு. ரத்தம் நின்னுச்சு. 60-ல 28 மிஞ்சுச்சு. குழுக் கடனைப் பால் காசுலதான் பத்து மாசம் கட்டினா.

இதுல நான் தெரிஞ்சுக்கிட்டது, கழிச்சல்னு ஒரே பேர்ல சொன்னாலும் அது ஒரு நோய் கிடையாது. வயசையும் பீயையும் சேத்துப் பாக்கணும். டவுன்ல இருக்கறவங்க மூஞ்சியைச் சுளிக்காதீங்க, கோழி வளக்கறவன் காலையில மொதல்ல பாக்க வேண்டியது பீயைத்தான். பழுப்பா, மேல வெள்ளைத் தொப்பி வெச்ச மாதிரி இருந்தா அது நல்ல பீ. அந்த வெள்ளை கோழியோட மூத்திரம். நடுநடுவுல கொழகொழன்னு, கரும்பழுப்பா, நாத்தம் பிடிச்சதா ஒண்ணு போடும். அது குருட்டுக்குடல் பீ. அதுவும் நல்லதுதான். அதைப் பாத்துட்டு நோய்னு பயந்து மருந்து ஊத்தறவங்க நெறையப் பேர்.

மொதல் ரெண்டு வாரத்துல, சூடெல்லாம் சரியா இருந்தும், பல குஞ்சுக்குச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் போய் ஒட்டுதுன்னா அது முட்டை வழியாத் தாய்க்கிட்ட இருந்தே வர்ற நோயா இருக்கலாம். டாக்டர்கிட்டத்தான் போகணும்.

பச்சையும் வெள்ளையுமாக் கழிஞ்சு, கழுத்தைத் திருகி, மூச்சு வாங்கினா அதுதான் ஊர்ல சொல்ற வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட்னு டாக்டருங்க சொல்லுவாங்க. அது வைரஸ், வந்தப்புறம் மருந்து கிடையாது. எங்கம்மா காலத்துல மாசி பங்குனியில வந்தா ஒரு வாரத்துல கொடாப்பு காலியாயிரும். அம்மா 'ஊர்க்கண்ணு பட்டுருச்சு'ன்னு மொளகாய் சுத்திப் போடுவாங்க. இன்னிக்கு ஏழாம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஒரு ஊசி. பிப்ரவரியில கால்நடைத் துறை முகாமே போடறாங்க. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைச்சு உருட்டி நானும் குடுக்கறேன். குஞ்சு சுணங்கினா நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை நம்பித் தடுப்பூசியை விட்டுறாதீங்க.

இன்னொண்ணு, தீனிப்பை. ராத்திரி அடையும்போது கழுத்துக்குக் கீழே தடவிப் பாத்தா நிறைஞ்சிருக்கணும், காலையில காலியா இருக்கணும். காலையிலயும் கல்லு மாதிரி இருந்தா அடைப்பு. ஒருதரம் சாக்கு நூலை முழுங்கின குஞ்சு ஒண்ணுக்கு, ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, தண்ணி காட்டி, தீனிப்பையை மெதுவா நீவி நீவி ரெண்டு நாள்ல இறக்கினோம். நீவினது அவதான். என் கைக்கு அந்தப் பொறுமை இல்ல.

அம்மா காலத்துல இத்தனை கழிச்சல் மருந்து ஏதுன்னு கேப்பீங்க. ஒரு தாய்க்கோழிக்குப் பத்துக் குஞ்சு, அதும் சூட்டுலயே படுக்கும், நாளுக்கொரு இடத்துல மேயும், காஞ்ச மண்ணைக் கிளறும். நாம அறுபதை ஒரு கொட்டகையில அடைச்சுட்டோம். அப்போ தாய்க்கோழி பாத்த வேலை பூரா நம்ம தலையில விழுதுல்ல.

தங்கச்சி மகன் மறுநாள் போன் பண்ணினான். பல்பைத் தாழ்த்திக் கட்டினதும் பத்தும் பரவலாப் படுத்துத் தூங்குதாம். "மருந்தே இல்லாம சரியாயிருச்சுங்க மாமா"ன்னான். "சரி, இப்பவே கேட்டுக்க. மூணாவது வாரத்துல இருந்து அடியில ஈரம் இருக்கான்னு தினமும் கையை வெச்சுப் பாரு"ன்னேன்.

இதை எழுதிட்டு இருக்கும்போதே மேக்கால இருட்டிக்கிட்டு வருது. உள்ளே இருந்து சத்தம்: "ஏனுங்க, கொட்டகையில தார்ப்பாய் இழுத்துக் கட்டிட்டீங்களா?"

இப்பெல்லாம் ரெண்டாவது தடவை சொல்ல விடறது இல்லீங்க. வர்றேன்.