சாம்பல் நிற ஃபெர்குசன்

டீசல் என்ஜினுக்குப் பொறி வேண்டுவதில்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயைப் பற்றவைத்துவிடும். ஆதலால் பஞ்சாபின் இளைய மெக்கானிக்குகளுக்கு டிராக்டரில் பிளக் இருப்பதே புதுமை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவண்ட்ரி நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேலாக உருவான ஃபெர்குசன் டி.இ. 20 வண்டிகளிலோ, டீசல் வகை 1951-இல்தான் வந்தது. அதற்கு முற்பட்டவை பொறியை நம்பிப் பிறந்தவை.

லூதியானாவை அடுத்த சிற்றூரில், நம் நண்பர் சர்தார்ஜியின் தந்தையார் ஆண்ட வண்டி அத்தகையது. குளிர்ந்திருக்கையில் உடனே கிளம்பும். அரைமணியில் சூடேறியதும் நின்றுவிடும். நகரத்துப் பட்டறை ஒன்று கார்புரேட்டர்மீது பழிசுமத்தி இருமுறை பணம் பெற்றது. பிள்ளைகளோ பழைய இரும்புக்காரருக்கு நாள் குறித்துவிட்டனர். "பாபுஜி, ஞாயிறுவரை தவணை கேட்டிருக்கிறேன்" என்றார் நண்பர். வாரமெல்லாம் கோப்பு புரட்டும் நம் கைகள், பழைய ஸ்கூட்டரில் இந்த வித்தையைச் சிறிது பழகியிருந்தன.

வித்தை இதுதான்: பாயிண்ட் மூடியிருக்கையில் பேட்டரி மின்சாரம் காயிலில் பாய்ந்து அதைக் காந்தமாக்குகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அக்காந்தம் குலைய, பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கிடுகிறது. திறக்கும் பாயிண்டுகளுக்கிடையே தீ பாயாமல் காப்பது, கட்டைவிரல் பருமனும் இல்லாத கண்டென்சர். அதனுள்ளிருக்கும் காகிதம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் நைந்தால், சூடேறியதும் பொறி மெலியும், பாயிண்ட் கருகும்.

மூடியைக் கழற்றினோம். பாயிண்டுகள் கருகிக் குழிந்திருந்தன. மென்மையான அரத்தால் தேய்த்து, அஞ்சலட்டைத் துண்டை இடையே செலுத்தித் துடைத்தோம். (உப்புத்தாள் தேய்த்தால் மணல் தங்கிவிடும், அரசு அஞ்சலட்டைக்கு நிகரில்லை!) இடைவெளியை அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலாக வைத்தோம். கண்டென்சர் பழைய அம்பாசிடர் காருக்குரியது, கடையொன்றில் கிடைத்தது. மின்கொள்ளளவு ஒத்திருந்தால் வண்டி எதுவென்று அது கேட்பதில்லை.

இவ்வண்டியில் கியர்க் கம்பியையே ஒரு பக்கம் தள்ளினால் ஸ்டார்ட்டர் சுழலும். சர்தார்ஜி தள்ளினார். அரைமணி கடந்தது, ஒருமணியும் கடந்தது, ஓசை தளரவில்லை. மூத்த மகன் கைபேசியை எடுத்து இரும்புக்காரரிடம், உடைந்த பம்பை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு சொன்னான்.

கண்டென்சர் இரண்டாக வாங்கியிருந்தோம். மற்றதை எண்ணெய்த் தாளில் சுற்றி, வண்டியின் கருவிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினோம்.